வாசற்கதவும் வானிலையும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை வேதியியல்)

முன்னுரை

வைரம் பாய்ந்த தேக்குக்கு அழிவு கிடையாது என்பது நம் மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி உண்மைதான். உண்மையல்லாத சிறு பகுதியால் என்ன நேரும் என்பதை நெல்லித்தோப்பில் உள்ள எங்கள் வீட்டு வாசற்கதவு எனக்குக் கற்பித்தது. ஆய்வுக்கூடத்தில் குடுவைகளுக்குள் நாம் காணும் வேதிவினைகள், தெருவோரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஒரு கதவில் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனூடே நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். படிப்பவர் ஒருவர் வீட்டிலாவது ஒரு கதவு பிழைத்தால் எனக்கு அதுவே போதும்.

எங்கள் கதவின் கதை

என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் நகரத்தில் பழைய வீடு ஒன்றை இடிக்கும் பணியில் இருந்தபோது, அவ்வீட்டின் தேக்குக் கதவைக் கண்டு ஆசைப்பட்டார். வாரக் கூலியில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அதை வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரட்டைக் கதவு. பழைய வீட்டில் அது திண்ணைக்குப் பின்னால், கூரையின் நிழலில் நின்றிருந்தது. எங்கள் வீட்டுக்குத் திண்ணை இல்லை. தெருவை ஒட்டிக் கிழக்கு நோக்கிய வாசல். மேலே இரண்டடி அகலத்தில் ஒரு சன்ஷேடு மட்டும் உண்டு. இந்த வேறுபாட்டை அன்று நாங்கள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2024ஆம் ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அவ்வாண்டு தீபாவளிக்கு முன் கதவுக்கு வார்னிஷ் பூச வேண்டும் என்று நான் சொன்னபோது, “நீ படிக்கிற பிள்ளை, உனக்குத்தான் தெரியும்” என்று சொல்லி அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்தார். கதவைக் கழற்றாமல், நின்ற நிலையிலேயே, தெருப்பக்கம் மட்டும் இரண்டு முறை பூசினேன். கீழ்ச்சட்டத்தில் ஓரிடம் சற்றே கறுத்து மெத்தென்று இருந்தது. அதன் மேலும் லப்பம் வைத்துப் பூசிவிட்டேன். கதவு கண்ணாடிபோல் மின்னியது. தெருவில் போவோர் நின்று பாராட்டினார்கள்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. கதவு உப்பிக்கொண்டு நிலையில் இறுகியது. நான் இழைப்புளியை இரவல் வாங்கி வந்து, கதவு தடையின்றிச் சாத்தும் வரை அதன் ஓரத்தைச் சீவினேன். 2025 மே மாதத்தில் இரு கதவுகளுக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்தது. கீழ்ச்சட்டத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கியது.

எங்கள் தெருவில் உள்ள முதிய தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் குனிந்து கதவின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, மூஞ்சிக்குப் பவுடர் பூசியிருக்கே. காலுக்குச் செருப்பு வாங்கித் தரலையே” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்துதான் இதைப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் கதவுக்கு வந்த கேடுகள் மூன்று. வார்னிஷ் உரிந்தது ஒன்று, உப்பிச் சுருங்கியது மற்றொன்று, அடிச்சட்டம் மக்கியது மூன்றாவது. முதலாவது வெயிலால் வந்தது. இரண்டாவது காற்றின் ஈரத்தால் வந்தது. மூன்றாவது மழைநீரால் வந்தது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஒரு டப்பா வார்னிஷை நம்பியதே என் தவறு.

கடின மரம் என்பது யாது?

புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. பனையும் மூங்கிலும் முதல் வகை. தேக்கும் வேங்கையும் இரண்டாம் வகை. தாவரவியலார் ‘கடின மரம்’ என்று கூறுவது அகன்ற இலையுடைய பூக்கும் மரங்களின் கட்டையை. தேவதாரு, பைன் போன்றவை ‘மென்மரம்’ எனப்படும். எனவே கடின மரம் என்ற பெயர் மரத்தின் குலத்தைக் குறிப்பதேயன்றி, அதன் நீடித்த வாழ்வுக்கு உறுதி அளிப்பதன்று.

தேக்கின் சிறப்புக்குக் காரணம் அதன் நடுக்கட்டையில் உள்ள வேதிப்பொருள்கள். அவற்றுள் டெக்டோகுயினோன் என்ற பொருள் கரையானை விலக்கும் தன்மையுடையது. இயற்கையான எண்ணெய்ப் பசையும் அக்கட்டையில் உண்டு. ஆனால் மரத்தின் வெளிவட்டத்தில் உள்ள, வைரம் பாயாத வெளிர்நிறப் பகுதிக்கு இப்பாதுகாப்பு மிகக் குறைவு. எங்கள் கதவில் மக்கிய இடத்தைத் தச்சர் வெட்டி எடுத்தபோது, அது அத்தகைய வெளிர்நிறக் கட்டையாகவே இருந்தது.

எல்லா மரங்களிலும் அடிப்படைப் பொருள்கள் மூன்று. செல்லுலோஸ் என்பது இழை. லிக்னின் என்பது இழைகளை ஒட்டி நிறுத்தும் பசை. ஹெமிசெல்லுலோஸ் இவை இரண்டையும் இணைப்பது. கட்டட மொழியில் சொன்னால் செல்லுலோஸ் கம்பி, லிக்னின் காரை.

வெயில் செய்யும் வேலை

சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களை லிக்னின் உறிஞ்சுகிறது. அதனால் அதன் பிணைப்புகள் அறுந்து, நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளாக மாறுகின்றன. அடுத்த மழை அவற்றைக் கழுவிச் செல்கிறது. மீதமாவது காரை போன கம்பிகள், அதாவது வெளிறிய செல்லுலோஸ் இழைகள். வெயிலில் கிடக்கும் மரம் முதலில் நிறம் மாறிப் பிறகு சாம்பல் நிறம் அடைவது இதனால்தான். கூடவே மேற்பரப்பில் வளரும் பூசணமும் அந்நிறத்துக்குத் துணை செய்கிறது.

இதில் நாம் அறிய வேண்டியது, புறஊதாக் கதிர் மரத்தினுள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட ஊடுருவுவதில்லை என்பதே. அடர்த்தியான கடின மரத்தில் இவ்வாறு தேய்வது நூறு ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே கதவு நரைத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. நரை முதுமையின் அடையாளம், நோயன்று.

அப்படியாயின் வார்னிஷ் ஏன் உரிந்தது? வார்னிஷ் ஒளி புகும் படலம். அதன் வழியே கதிர் உள்ளே சென்று, படலம் எதைப் பற்றிக்கொண்டிருந்ததோ அந்த மரப்பரப்பின் லிக்னினையே சிதைத்துவிடுகிறது. பிடிமானம் போனதும் படலம் கழன்றுவிடுகிறது. நிறமிகள் கலந்த பெயிண்ட் ஒளியைத் தடுப்பதால் அதன் அடியில் உள்ள மரத்துக்கு இந்தக் கேடு நேர்வதில்லை. கூரையில்லாத வாசலில் உள்ள கதவுக்குப் பெயிண்டே மிக நீடித்த காப்பு. மரத்தின் வரிகள் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு நாம் கொடுக்கும் விலைதான் அடிக்கடி செய்யும் பராமரிப்பு.

காற்றின் ஈரம்

வெட்டிக் காய்ந்த மரமும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஒப்பீரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரம் நிற்கும். ஒப்பீரப்பதம் 85 விழுக்காடு ஆகும்போது மர ஈரம் ஏறத்தாழ 17 விழுக்காட்டுக்கு உயரும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் உள்ள நெல்லித்தோப்பில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று இந்த அளவுக்கு ஈரமாக இருப்பது எல்லோரும் அறிந்ததே.

பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத்தின் போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே கொள்ளலாம். சுருக்கம் தொடங்குவது மர ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போது. ஆகவே ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் அகலம் அதிக அளவாக 0.19 விழுக்காடு மாறும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு மீட்டர் அகலக் கதவு முழுவதும் பலகைகளை அகலவாக்கில் ஒட்டிச் செய்யப்பட்டது எனக் கொள்வோம். ஈரம் 12இலிருந்து 17 விழுக்காட்டுக்கு உயர்ந்தால் அகலம் 9 மில்லிமீட்டருக்கும் அதிகமாகக் கூடும். அத்தகைய கதவை மழைக்காலத்தில் எவராலும் சாத்த முடியாது. நம் தச்சர்கள் இதற்குக் கண்ட தீர்வு சட்டமும் பலகையும் கொண்ட கதவு. நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் ஒன்றோடொன்று துளையிட்டுப் பூட்டப்படுகின்றன. நடுப்பலகை சட்டத்தின் காடியில் ஒட்டப்படாமல் தளர்வாக நிற்கிறது. பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவின் அகலத்தை மாற்றுபவை நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. இரட்டைக் கதவில் மூன்றங்குல அகலமுள்ள நெடுஞ்சட்டங்கள் நான்கு. மொத்தம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். அதே ஈர மாற்றத்துக்கு அவை கூடுவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, காடியின் ஓரங்களில் லப்பத்தை அடைத்தோ, தடித்த பூச்சால் ஒட்டியோ பலகையை இறுக்கக் கூடாது. இறுக்கினால் அது நடுவில் வெடிக்கும். இரண்டாவது, மழையில் உப்பிய கதவை மழையிலேயே சீவக் கூடாது. மழை விட்டு மரம் காய்ந்த பிறகும் இறுகினால் மட்டுமே சீவ வேண்டும். நான் சீவியது மரத்தை அன்று, மழைக்கால ஈரத்தை. கோடையில் ஈரம் போயிற்று, இடைவெளி நின்றது.

நீர் நுழையும் வழி

மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைகள் மர ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது வளர்வதில்லை. காற்றின் ஈரம் மட்டும் அந்த எல்லையை எளிதில் தாண்ட வைக்காது. அதற்குத் தேங்கும் நீர் வேண்டும். அந்நீர் எங்கிருந்து வருகிறது?

மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய நுண்குழாய்கள் கட்டையிலும் அப்படியே உள்ளன. பலகையின் முகத்தில் அவை படுத்துக் கிடக்கின்றன. குறுக்கே வெட்டிய முனையில் அவற்றின் வாய்கள் திறந்திருக்கின்றன. ஆகவே முகத்தைக் காட்டிலும் வெட்டுமுகம் பன்மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். கதவின் நெடுஞ்சட்டங்கள் தரையைப் பார்த்து நிற்கும் அடிமுனைகள் வெட்டுமுகங்களே. கண்ணுக்குத் தெரியாததால் பூச்சு வேலையில் முதலில் விடுபடுபவையும் அவையே.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். தச்சர் கொடுத்த தேக்குக் கழிவில் ஒரே அளவான நான்கு குட்டைத் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்குப் பூச்சே இல்லை. ஒன்றுக்கு முகங்களில் மட்டும், ஒன்றுக்கு வெட்டுமுகங்களில் மட்டும், கடைசித் துண்டுக்கு எல்லாப் பக்கமும் பூசினேன். நன்கு காய்ந்த பின் எடை பார்த்து, ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் எடை பார்த்தேன். பூச்சில்லாத துண்டுக்கு அடுத்தபடியாக எடை கூடியது முகம் மட்டும் மினுமினுத்த துண்டு. அது எங்கள் கதவின் நிலை. வெட்டுமுகங்களில் மட்டும் பூசிய துண்டு அதைவிடக் குறைவாகவே நீரை ஏற்றது.

மழை மட்டுமே நீருக்கு வழி என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் நாள்தோறும் விடியலில் வாசல் தெளிக்கிறோம். அந்நீர் தெறித்துக் கதவின் அடியை நனைக்கிறது. படி வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாக இருந்தால் நீர் கதவுக்கடியில் தேங்குகிறது. வாசல் தெளிப்பதை நிறுத்துமாறு என் தாயாரிடம் நான் சொல்லத் துணியமாட்டேன். சொல்லத் தேவையும் இல்லை. கதவின் அடிக்குக் காப்பிட்டு, படியைச் சரிவாக்கினால் போதும்.

முகத்துக்குப் பூசி அடியை விட்டுவிடுவது ஒன்றும் பூசாததைவிடத் தீங்கானது. அடியில் புகுந்த நீர் முகத்தின் வழியாக வெளியேற முடியாமல் படலத்தின் பின்னே சிறைப்படுகிறது. நான் லப்பம் வைத்து மூடிய கறுப்பு இடத்தில் அதுதான் நடந்தது.

எந்த எண்ணெய் காயும்?

விசேட நாட்களில் கதவைத் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது மரத்துக்கு நன்மையா என்று அறிய நமக்குத் தெரிந்த அயோடின் எண்ணே போதும். எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் அளவை அது காட்டுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று வலைபோல் பின்னும்போதுதான் எண்ணெய் கெட்டிப் படலமாகிறது. எண்ணெய் ‘காய்தல்’ என்பது நீர் ஆவியாவது போன்றதன்று; அது ஒரு வேதிவினை.

தேங்காய் எண்ணெயின் அயோடின் எண் ஏறத்தாழ 10க்குள் அடங்கும். அது ஒருநாளும் காயாது. நல்லெண்ணெய் ஏறத்தாழ 105 முதல் 115 வரை. அது அரைகுறையாகப் பிசுபிசுத்து நிற்கும். ஆளிவிதை எண்ணெய் 170க்கும் மேல். அது சில நாட்களில் காய்ந்து படலமாகும். மூன்றையும் கண்ணாடித் துண்டுகளில் மெல்லப் பூசி மாடியில் வைத்தேன். ஆளிவிதை எண்ணெய் சில நாட்களில் தோல்போல் இறுகியது. நல்லெண்ணெயில் தூசி ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் பூசிய அன்று இருந்தபடியே இருந்தது. காயாத எண்ணெய் கதவில் தூசியையும் பூசணத்தையும் சேர்க்குமே தவிர நீரைத் தடுக்காது.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலில் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் கெட்டிப்படக் கூடியதே. படகுகளுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் அதைப் பூசுவார்கள். பீனால் வகைப் பொருள்கள் நிறைந்திருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் அதை நெருங்கா. ஆனால் மரத்தைக் கருமையாக்கும். தோலில் பட்டால் கொப்புளிக்கும். வாசற்கதவின் முகத்துக்கு அது ஏற்றதன்று.

ஆளிவிதை எண்ணெய்க்கும் குறையுண்டு. நம்மூர் ஈரத்தில் அதன்மேல் பூசணம் படரக்கூடும். ஆகவே தடிப்பாக விடாமல் துடைத்தெடுப்பதும், ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் தேவை. இன்னொரு பெரிய எச்சரிக்கையும் உண்டு. இந்த எண்ணெய் காயும் வினை வெப்பம் உமிழ்வது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் துணி தானே தீப்பற்றிவிடும். அத்துணியை நீரில் நனைத்து வைக்க வேண்டும். அல்லது வெட்டவெளியில் விரித்துக் காயப்போட வேண்டும்.

நம் ஊரில் கேள்விப்படும் பிரெஞ்சு பாலிஷ் பற்றியும் ஒரு சொல். அது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் தேய்ப்பது. நாற்காலிக்கும் அலமாரிக்கும் அழகு சேர்க்கும். நீர் பட்டால் வெளுத்துவிடும். பெயரைக் கண்டு புதுவைக்கு உகந்தது என்று வாசற்கதவுக்கு அதைப் பூசினால் ஒரு மழைக்கும் தாங்காது.

கூரையே முதற்பூச்சு

புதுவையின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி முதலிய இடங்களில், பழைய வீடுகளின் முகப்பைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, அதற்கும் உள்ளே கதவு. வழிப்போக்கருக்கு நிழல் தந்த அந்த அமைப்பு, கதவுக்கும் குடையாக இருந்தது. எங்கள் கதவு அத்தனை காலம் கெடாமல் இருந்ததன் மருமம் தேக்கில் மட்டும் இல்லை. அந்தத் திண்ணையிலும் இருந்தது.

அந்தக் குடையின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். புதுவை ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் சூரியன் தென்திசையில் ஏறத்தாழ 54½ பாகை உயரத்தில் நிற்கும். தெற்கு நோக்கிய ஏழடிக் கதவு முழுவதும் அப்போது நிழலில் இருக்க வேண்டுமானால், கதவின் மேல்மட்டத்தில் உள்ள கூரை ஏறத்தாழ ஐந்தடி வெளியே நீள வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அஞ்சடி. நான் இடிச்ச வீட்டுத் திண்ணையும் அஞ்சடிதான்” என்றார்.

கிழக்கும் மேற்கும் நோக்கிய கதவுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. தாழ வரும் காலை வெயிலை எந்தக் கூரையும் முழுமையாகத் தடுக்காது. எங்கள் இரண்டடிச் சன்ஷேட்டின் கீழ், மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 11 மணி வரை கதவின் அடிப்பகுதியில் வெயில் படுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. ஆகவே புதுவையில் கிழக்கு நோக்கிய, கூரையில்லாத கதவுக்குத்தான் அதிகக் கவனம் தேவை.

செய்ய வேண்டியவை

2025 மே, ஜூன் மாதங்களில் தச்சரும் அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலையின் முறையை இங்கே தருகிறேன்.

ஒன்று: காலம். சித்திரை, வைகாசி மாதங்களே ஏற்றவை. மரம் அப்போதுதான் நன்கு காய்ந்திருக்கும். மழை தொடங்கிய பின் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். நேர் வெயிலிலும் பூசக் கூடாது.

இரண்டு: கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்க வைக்க வேண்டும். நின்ற கதவின் அடியை எவராலும் பூச முடியாது.

மூன்று: மக்கிய பகுதியை மூடாமல் வெட்டி எடுத்து, அவ்விடத்தில் காய்ந்த தேக்குத் துண்டை இணைக்க வேண்டும். நான் அதிகம் சீவிவிட்ட ஓரத்துக்கும் தச்சர் ஒரு மெல்லிய பட்டையை ஒட்டிச் சரிசெய்தார்.

நான்கு: உப்புத்தாளால் வரியோட்டத்திலேயே தேய்க்க வேண்டும். பழைய பெயிண்ட் உள்ள கதவாயின் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். நீர்த் தாளால் ஈரமாகத் தேய்த்து, தூளைத் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளை அருகே விடக் கூடாது.

ஐந்து: பூசுமுன் தின்னர் நனைத்த துணியால் தேக்கை ஒருமுறை துடைக்க வேண்டும். தேக்கின் இயற்கைப் பொருள்கள் பூச்சு காய்வதைத் தடுக்கக் கூடியவை.

ஆறு: முதற்பூச்சு அடிமுனைக்கு, இரண்டாவது மேல்முனைக்கு, பிறகு ஓரங்களுக்கும் பூட்டுக்காக வெட்டிய துளைகளுக்கும், முகம் கடைசியில். வெட்டுமுகம் குடிக்கக் குடிக்க, குடிப்பது நிற்கும் வரை பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெயாயின் முதல் முறை சம அளவு டர்பன்டைன் கலந்து பூசி, கால்மணி நேரத்தில் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். முழுதும் காய்ந்த பின்பே அடுத்த பூச்சு. உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒரே அளவு பூச வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பூசினால் கதவு வளையும்.

ஏழு: இரும்பு ஆணிகளை விலக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பைத் துருவாக்கும். மரத்தின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை படியும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆகும் அதே வினை இது. பித்தளைத் திருகாணிகளே மேல்.

எட்டு: அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் சரிவான ஒரு மரப்பட்டையைப் பொருத்தி, அதன் கீழ்ப்பரப்பில் ஒரு கோடு காடி வெட்டினால், வழியும் மழைநீர் கதவுக்கடியில் சுற்றி வராமல் அங்கேயே சொட்டிவிடும். படியின் சிமெண்டு மட்டத்தை வெளிப்பக்கம் சரியுமாறு அப்பா புதிதாகப் பூசினார்.

எங்கள் கதவுக்கு மரத்தின் வரி தெரிய வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். எனவே எண்ணெய்ப் பூச்சையே செய்தோம். ஆண்டுதோறும் செய்வதாக ஒப்புக்கொண்டோம். அவ்வளவு உழைக்க முடியாதவர்கள் பிரைமரும் இரு பூச்சு எனாமலும் அடித்துவிடுவதே அறிவுடைமை. வார்னிஷ்தான் வேண்டும் என்போர் புறஊதாக் கதிரைத் தாங்கும், வெளிவாசலுக்கென்றே செய்யப்பட்ட வகையை வாங்கி, மினுக்கம் குறையத் தொடங்கியதுமே மெல்லத் தேய்த்து மறுபூச்சு இட வேண்டும். உரியும் வரை காத்திருந்தால் முழுவதையும் சுரண்ட நேரிடும்.

முடிவுரை

2025ஆம் ஆண்டின் ஐப்பசி மழையையும் கார்த்திகை மழையையும் எங்கள் கதவு பார்த்துவிட்டது. சற்றே இறுகியது. ஆனால் சாத்தவும் திறக்கவும் தடையில்லை. மழை விட்டதும் தானே தளர்ந்தது. அடிச்சட்டத்தை நான் வாரம் ஒருமுறை நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை உறுதியாகவே உள்ளது. ஒரு மழைக்காலம் ஒரு கதவுக்குப் பெரிய சான்றன்று என்பதையும் நான் அறிவேன். தச்சர் இணைத்த துண்டு மற்ற இடத்தைவிட நிறம் குறைந்து தனியாகத் தெரிகிறது. அதை மறைக்க நாங்கள் முயலவில்லை.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம்மில் பலருக்கு இந்த நிலை பொதுவானது. நாம் ஒரு சொல் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் சோதித்துப் பார்க்காமலே நம்புகிறார்கள். முப்பது ஆண்டு கரணை பிடித்த கை, நமது ஓராண்டுப் படிப்புக்கு வழிவிட்டு விலகி நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதிருப்பதும், சொல்லுமுன் குனிந்து கதவின் அடியைத் தடவிப் பார்ப்பதுமே.

பூச்சு முடிந்த நாளை நிலையின் உட்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த வைகாசியில் அதன் கீழே இன்னொரு தேதியை எழுத வேண்டும். “மறந்துடாதே” என்று அப்பா இப்போதே இருமுறை சொல்லிவிட்டார்.